சிவப்பு மை இல்லாத உறைகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஒரு மணி நேரம் பேசும்படி என்னைக் கேட்டார்கள். பேச மாட்டேன், எழுதித் தருகிறேன் என்றேன். பேசும்போது யாராவது எழுந்து ஒரு கேள்வி கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்ற பயம்தான் காரணம். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், யாரும் கேட்காமலேயே சொல்லியிருக்கிறேன். அடித்து நீக்க மனம் வரவில்லை. அப்படியே தருகிறேன்.

இது ஃபிரேம் ரிலே காலத்துக் கதை. தொலைபேசித் துறையிடம் ஒரு லைன் வாடகைக்கு வாங்கி, இந்த ஊரில் ஒரு ரவுட்டர், அந்த ஊரில் ஒரு ரவுட்டர் வைத்து அலுவலகங்களை இணைத்த காலம். தொண்ணூறுகளின் கடைசி. இன்று அது எங்கும் இல்லை, நீங்கள் அதைக் கற்கவும் வேண்டாம். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ரவுட்டர் ஒவ்வொரு தகவலையும் ஓர் உறைக்குள் போட்டு அனுப்பும். மறுமுனை ரவுட்டருக்கு அந்த உறை பழக்கமானதாக இருந்தால் பிரித்துப் படிக்கும். இல்லாவிட்டால் தூக்கிப் போட்டுவிடும். போட்டுவிட்டேன் என்றுகூடச் சொல்லாது.

எங்கள் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் கன்னாட் பிளேஸுக்குப் பக்கத்தில் எட்டு மாடிக் கட்டடம். ஐந்தாவது மாடியில் கணினிப் பிரிவு. நான் ஜனக்புரியிலிருந்து சார்ட்டர்டு பஸ்ஸில் போய் வருவேன். கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் மூன்று மாதம் வீட்டில் இருப்பார், மற்ற மாதங்களில் ஏதாவது ஒரு துறைமுகத்திலிருந்து ஃபோன் செய்வார். மகன் கார்த்திக்குக்கு அப்போது எட்டு வயது. டெல்லிப் பனி இறங்கியதும் அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிக்கும். வீட்டில், மருந்தை ஆவியாக்கி மூச்சில் தரும் ஒரு நெபுலைசர் உண்டு. தெருமுனையில் அவன் நெஞ்சுச் சத்தத்தை அறிந்த ஒரு டாக்டர் உண்டு. கீழ் வீட்டில், நான் வர நேரமானால் அவனைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பஞ்சாபி அம்மா உண்டு. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் என் வாழ்க்கை. ஒன்றை எடுத்தாலும் மற்ற இரண்டும் சரிந்துவிடும்.

அந்த வருஷம் மாற்றல் பட்டியலில் என் பெயருக்கு எதிரே குவாஹாட்டி என்று பென்சிலில் எழுதியிருந்தது. டெல்லியில் ஐந்து வருஷம் முடித்தவர்கள் எல்லோருக்கும் ஏதாவது ஓர் ஊர் பென்சிலில் எழுதப்படும். என் மேலாளர் சோப்ரா சார்தான் ரகசியமாக அதைக் காட்டினார். அவர் பேசுவது இந்திதான், நான் தமிழில் எழுதுகிறேன்.

"மேடம் ஜி, கவலைப்படாதீங்க. போபால் லைன் நல்லபடியா ஓப்பன் ஆகட்டும். 'இவங்க இல்லாம நெட்வொர்க் நடக்காது'ன்னு நானே நோட் போடறேன். பென்சில்தானே? ரப்பர் என்கிட்ட இருக்கு."

இதை வீட்டில் கார்த்திக்கிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்வதற்கு வேறு ஆள் இல்லை. அவன் யோசித்துவிட்டு, "அம்மா, குவாஹாட்டில பிளக் நம்ம வீட்டுப் பிளக் மாதிரியேதானா? நெபுலைசர் ஃபிட் ஆகுமா?" என்று கேட்டான்.

"எல்லா ஊர்லயும் ஒரே பிளக்தான்டா. பேசாமத் தூங்கு" என்றேன்.

எல்லா ஊரிலும் ஒரே பிளக் என்று நான் மனதார நம்பிய காலம் அது.

லைன் வந்தது. ஏற்புச் சான்றிதழில் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். தொலைபேசித் துறைக்காரர், எங்களுக்கு ரவுட்டர் விற்ற கம்பெனியின் ஆள், நிறுவனத்தின் சார்பில் நான். படிவத்தில் ஒரே ஒரு முக்கியமான கேள்வி: 'லைன்: அப் / டவுன்'. திரையைப் பார்த்தோம். 'அப்' என்று இருந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மூவரும் கையெழுத்துப் போட்டோம், பிரெட் பகோடா சாப்பிட்டோம், கலைந்தோம்.

அதன் வழியாக ஏதாவது போகிறதா என்று அன்று யாரும் பார்க்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மறுநாள் போபாலுக்கு முதல் சோதனையாக ஐந்து பாக்கெட், அதாவது ஐந்து உறை, அனுப்பினேன். பதில் வந்தால் திரையில் ஓர் ஆச்சரியக்குறி வரும், வராவிட்டால் ஒரு புள்ளி. ஐந்து புள்ளிகள் வந்தன. மறுபடி அனுப்பினேன். ஐந்து புள்ளிகள். அன்று மாலைக்குள் நான் பார்த்த புள்ளிகளை வைத்து மார்கழி மாதம் முழுவதும் கோலம் போட்டிருக்கலாம்.

தொலைபேசித் துறைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார். "லைன் அப்ல இருக்கே" என்றார். ரவுட்டர் கம்பெனியின் ஆள் வந்தார். "எங்க ரவுட்டர் பிரமாதமா ஓடுது. நீங்களே சர்ட்டிஃபிகேட் கொடுத்திருக்கீங்க" என்று என் கையெழுத்தையே எடுத்துக் காட்டினார். போபாலில் ரவுட்டர் விற்றவர், தன் பெட்டியும் சரியாகவே இருக்கிறது என்று ஃபேக்ஸ் அனுப்பினார். மூன்று பேரும் சொன்னது உண்மை. அதுதான் கொடுமை. ஒருவராவது பொய் சொல்லியிருந்தால் எங்கே தேடுவது என்றாவது தெரிந்திருக்கும்.

சோப்ரா சார் கூட்டம் போட்டார். இரண்டு மணி நேரம் பேசியபின் எழுதிய குறிப்பில் இப்படி இருந்தது: மூன்று தரப்பிலும் குறை இல்லை. லைன் வேலை செய்கிறது. தகவல் போகாமலிருப்பது தனி விஷயம். அதற்குத் தனிக் குழு அமைக்கலாம்.

திறப்பு விழாவை ஏன் தள்ளிப்போடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பளிங்குக் கல்லில் தேதியை வெட்டியாகிவிட்டது. சேர்மன் பதினொரு மணி முகூர்த்தத்தில் விசையை அழுத்தி லைனைத் தொடங்கி வைத்ததாகக் கல் சொன்னது. லைனை மாற்றலாம், ஆளை மாற்றலாம், கல்லை எப்படி மாற்றுவது?

போபாலில் என்னோடு பேசுவதற்கு இருந்தவர் திவாரி என்பவர். ஸ்டோர் கீப்பர். வேறு யாரும் கிடைக்காததால் ரவுட்டரை அவர் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. எஸ்.டி.டி. ஃபோனில் வரும் இருமலைத்தான் தெரியும்.

"திவாரி ஜி, ரவுட்டர் எப்படி இருக்கு?"

"ஏ ஒன்னா இருக்கு மேடம். ஒரு தூசி கிடையாது. வெல்வெட் துணி போட்டு மூடி வெச்சிருக்கோம்."

"துணியா? எடுங்க முதல்ல."

"எடுக்க முடியாது மேடம். திறப்பு விழா அன்னிக்குத்தான் திறக்கணும்னு ரீஜனல் மேனேஜர் ஆர்டர். துணி வழியா விளக்கு தெரியுது. பச்சைதான்."

அந்தத் துணிக்கடியில் எந்தக் கம்பெனியின் பெட்டி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. எங்களுடையதைப் போலவே அமெரிக்கப் பெட்டிதான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். ஒரே நிறுவனம் இரண்டு வேறு பெட்டிகளை வாங்குமா? வாங்கும். தலைமை அலுவலகம் தன் டெண்டரில் வாங்கியது, போபால் தன் டெண்டரில் வாங்கியது. இருவரும் விதிப்படியே வாங்கினார்கள்.

"சரி, நான் கொடுத்த புரோகிராமில் ஒவ்வொரு மணிக்கும் ஏதாவது ஒரு வரி டைப் பண்ணி அனுப்புங்க. என் பக்கம் வருதான்னு பார்க்கறேன்."

"என்ன டைப் பண்ணட்டும்?"

"எதுன்னாலும்."

பதினோரு நாள் அந்த மனிதர் ஒரு மணி தவறாமல் டைப் செய்து அனுப்பினார். ஒன்றும் என்னிடம் வரவில்லை. ஆனால் என் ரவுட்டரில் 'உள்ளே வந்தவை' என்று ஓர் எண்ணிக்கை இருந்தது. அது மட்டும் மணிக்கு மணி கொஞ்சம் ஏறிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். லைனில் ஏதோ இரைச்சல் என்று விட்டுவிட்டேன். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே தொழில்நுட்ப அறிவுரை இதுதான்: ஏறிக்கொண்டிருக்கும் எண்ணை இரைச்சல் என்று சொல்லாதீர்கள்.

விழாவுக்கு முதல் நாள் சோப்ரா சார் என்னைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"மேடம் ஜி, ஒரு வழி இருக்கு. போபாலிலிருந்து வர வேண்டிய வாழ்த்துச் செய்தியை நீங்களே இங்கே டைப் பண்ணி கம்ப்யூட்டர்ல வெச்சிடுங்க. சேர்மன் சார் விசையை அழுத்தினதும் அது பெரிய திரையில வரட்டும். கைதட்டல், லட்டு, அவ்வளவுதான். லைனை அப்புறம் நிதானமாச் சரி பண்ணிக்கலாம்."

"சார், அது பொய் இல்லையா?"

"பொய் இல்ல. ரிஹர்சல்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "குவாஹாட்டியில இப்போ குளிர் எப்படி இருக்கும்னு தெரியுமா?"

நான் டைப் செய்தேன். சேர்மன் அவர்களுக்குப் போபால் கிளையின் பணிவான வணக்கங்கள் என்று தொடங்கி ஐந்து வரி, ஆங்கிலத்தில். அவர் மிரட்டினார், அதனால் செய்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. செய்தியில் ஒரு கமா சரியான இடத்தில் இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தேன். மிரட்டலுக்குப் பயந்து செய்பவள் கமா பார்க்க மாட்டாள்.

விழா நாள் காலை கார்த்திக்குக்கு இழுப்பு. நெபுலைசர் வைத்து, கீழ் வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு, பனியில் ஊர்ந்த பஸ்ஸில் ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். பத்து மணிக்குத் திவாரி ஃபோன் செய்தார்.

"மேடம், பூமாலை எல்லாம் ரெடி. ஆமா, எங்க பர்ச்சேஸ் செக்ஷன் ரவுட்டர் பத்தி உங்களுக்கு ஒரு லெட்டர் போட்டாங்களே, அதுல சொன்ன மாதிரி செஞ்சுட்டீங்க இல்ல?"

"என்ன லெட்டர்?"

"எனக்கு என்ன தெரியும் மேடம், இங்கிலீஷ்ல இருந்துச்சு. மூணு வாரம் ஆச்சே. வரலையா?"

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் ஐந்து மாடி இறங்கினேன். தரைத்தளத்தில் தபால் பிரிவு. அதன் தலைமை எழுத்தர் திருநெல்வேலிக்காரர், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்தார். தமிழர்கள் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டதைக் கேட்டு, அதுதான் அவர் பெயர் என்று நினைத்துப் பஞ்சாபிகளும் பிகாரிகளும் 'அண்ணாச்சி ஜி' என்றே கூப்பிடுவார்கள். அவர் மேஜைக்குப் பின்னால் ஒரு கம்பிக் கூடை. அதில் நாற்பது ஐம்பது உறைகள், பிரிக்காமல்.

"அண்ணாச்சி, போபால்லேருந்து எனக்கு ஒரு தபால் வந்துதா?"

"வரலியேம்மா."

கூடையின் மேல்பக்கத்திலேயே எங்கள் போபால் கிளையின் முத்திரை தெரிந்தது. கீழே என் பெயர்.

"அதோ இருக்கே! என் பேர் போட்டிருக்கு!"

"பேரு போட்டிருக்கு. இடது மூலையில சிவப்பு மையில பிரிவு பேரு போடலியே. ஆளு இன்னைக்கு இருப்பாவ, நாளைக்கு மாறிப் போயிருவாவ. பிரிவுதானே நிக்கும்? சர்க்குலர்ல அப்படித்தான் இருக்கு."

"அப்போ திருப்பி அனுப்பியிருக்கலாமே?"

"அனுப்புன பிரிவு எதுன்னு உள்ளதானே எழுதியிருக்கும்? பிரிச்சாத்தான் தெரியும். பிரிக்கக் கூடாது. பொறவு எங்க அனுப்ப?"

"அண்ணாச்சி, இன்னும் ஒரு மணி நேரத்துல சேர்மன் வரார்."

"வரட்டும்மா. நான் வேண்டாங்கேனா? சிவப்பு மை இல்லாத கவரை உள்ள விட்டா நாளைக்கு நீலத்துல வரும், பச்சையில வரும். பொறவு நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?"

அவர் மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தேன். உறையின் இடது மூலையில் 'கணினிப் பிரிவு' என்று எழுதி நீட்டினேன். அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பார்த்தார். முத்திரை குத்தினார், பதிவேட்டில் ஏற்றினார், என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

"இந்தா. இப்ப வந்துட்டு."

"இதுக்கு முன்னாடி வரலியா?"

"வந்துச்சு. ஆனா வந்ததா ஆகல."

படிக்கட்டிலேயே பிரித்தேன். போபாலில் வாங்கியது வேறு கம்பெனியின் ரவுட்டர். அமெரிக்கப் பெட்டி வழக்கமாகத் தன் சொந்த உறையைத்தான் பயன்படுத்தும். எதிர்முனையில் வேறு கம்பெனிப் பெட்டி இருந்தால், எல்லோருக்கும் பொதுவான உறைக்கு அதை மாற்ற வேண்டும். தயவுசெய்து டெல்லியில் மாற்றிக்கொள்ளவும். நான்கே வாக்கியம். பதினோரு நாளாக உறை தெரியாமல் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெட்டிகளைப் பற்றிய கடிதம், உறை சரியில்லை என்று மூன்று வாரம் கூடையில் கிடந்திருக்கிறது. படியில் உட்கார்ந்து சிரித்தேன். அந்த வழியே போன பியூன், யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்.

மேலே ஓடினேன். கட்டளையில் ஒரே ஒரு வார்த்தை சேர்த்தேன். ஐந்து பாக்கெட் அனுப்பினேன். ஐந்து ஆச்சரியக்குறிகள். மணி பத்தே முக்கால்.

"சார், லைன் வந்துடுச்சு! அந்த ரிஹர்சல் செய்தியை எடுத்துடறேன்."

கோட் போட்டுக்கொண்டிருந்த சோப்ரா சார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அச்சா, அச்சா. எடுக்காதீங்க. ரெண்டும் இருக்கட்டும். பேக்கப்."

அதற்குள் லிஃப்ட் கதவு திறந்தது. சேர்மன், அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர், மாலைகள், ஃபோட்டோகிராஃபர். கல்லைத் திறந்தார்கள். பதினொரு மணி அடித்ததும் சேர்மன் விசையை அழுத்தினார். பெரிய திரையில் என் ஐந்து வரிகள் ஓடின. பணிவான வணக்கங்கள். கமா சரியான இடத்தில். எல்லோரும் கைதட்டினார்கள். லட்டுத் தட்டு நகர ஆரம்பித்தது.

அப்போது திரையில் இன்னொரு வரி வந்தது. ஆங்கில எழுத்தில் இந்தி.

'மேடம், மணி பதினொண்ணு. மேனேஜர் சார் சமோசா எல்லாத்தையும் தன் ரூமுக்கு எடுத்துட்டுப் போயிட்டார். ஸ்டாஃபுக்கு பிஸ்கட் மட்டும். இதையும் நீங்க படிக்கப் போறதில்லைன்னு தெரியும்.'

கைதட்டல் ஒவ்வொரு கையாக நின்றது. சேர்மன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அதைச் சத்தமாக ஒரு முறை படித்தார். பிறகு கேட்டார்:

"முதல்ல வந்தது வணக்கம். ரெண்டாவது சமோசா. ரெண்டும் ஒரே போபால்தானா?"

சோப்ரா சார் முந்திக்கொண்டார். "சார், முதல்ல வந்தது அஃபிஷியல். ரெண்டாவது... டெக்னிக்கல்."

சேர்மன் என்னைப் பார்த்தார். சோப்ரா சாரும் என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் குவாஹாட்டியின் வரைபடமே இருந்தது. கீழ் வீட்டு அம்மாவின் மடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கார்த்திக்கை நினைத்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் பதினோரு நாள் புள்ளிகளாக மட்டுமே இருந்த திரையில் ஒரு மனிதர் வந்திருந்தார். யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் மணி தவறாமல் எழுதியவர். அவரை 'டெக்னிக்கல்' என்று சொன்னதை என்னால் விட முடியவில்லை.

"சார், முதல்ல வந்தது நேத்து நான் இங்கேயே டைப் பண்ணி வெச்சது. ரெண்டாவதுதான் போபாலிலிருந்து வந்தது. லைன் கால் மணி நேரம் முன்னாடிதான் வேலை செய்ய ஆரம்பிச்சுது. எதுவும் போகுதான்னு பார்க்காமலே ஏற்புச் சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

சேர்மன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதினார்: 'ஸ்டாஃபுக்கும் சமோசா கொடுக்கவும். சேர்மன்.'

பதில் உடனே வந்தது: 'மேடம், நீங்க படிச்சீங்களா!! ஆனா இப்படி ஜோக் அடிக்காதீங்க, ரெண்டு பேரும் மாட்டிக்குவோம்.'

சேர்மன் சிரித்தார். அவர் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள். போகும்போது, சான்றிதழ் படிவத்தைத் திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். திருத்தினார்கள். 'லைன் வழியாக ஏதேனும் அனுப்பிப் பார்க்கப்பட்டதா: ஆம் / இல்லை' என்று ஒரு கட்டம் சேர்ந்தது. அதில் சிவப்பு மையில்தான் குறியிட வேண்டும் என்று ஒரு சர்க்குலரும் வந்தது. அடுத்த மாதம் வந்த லைனில் எதையும் அனுப்பிப் பார்க்காமலே சிவப்பு மையில் 'ஆம்' போட்டார்கள். அது வேறு கதை.

சோப்ரா சார் என்னிடம் கோபித்துக்கொள்ளவே இல்லை. ரப்பரை மட்டும் எடுக்கவில்லை.

"மேடம் ஜி, நீங்க இல்லாம நெட்வொர்க் நடக்காதுன்னு எப்படி நோட் போடறது? ஒரு வார்த்தை சேர்த்தாப் போதும்னு நீங்களே காட்டிட்டீங்களே. அந்த வார்த்தையை நான் டைரியில எழுதி வெச்சிருக்கேன்."

பிப்ரவரியில் மாற்றல் உத்தரவுகள் வரத் தொடங்கின. எட்டாவது மாடி நிர்வாகப் பிரிவிலிருந்து அவை தரைத்தளத்துத் தபால் பிரிவுக்கு இறங்கி, அங்கிருந்து மற்ற மாடிகளுக்கு ஏறும். அதுதான் முறை. நான் தினமும் காலையில் தபால் பிரிவு வழியாகப் போவேன். கார்த்திக்கின் முழுப் பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம். கணவரின் கப்பல் ஏதோ ஒரு கடலில்.

ஒரு திங்கட்கிழமை அதைப் பார்த்தேன். கம்பிக் கூடையின் மேலேயே கிடந்தது. நிர்வாகப் பிரிவின் பழுப்பு உறை. என் பெயர், தெளிவாக. இடது மூலை வெறுமையாக இருந்தது. புதிய படிவத்துக்காக எட்டாவது மாடியின் சிவப்புப் பேனாக்கள் எல்லாம் கணினிப் பிரிவுக்கு வந்துவிட்டிருந்தன. அவற்றில் ஒன்று என் கைப்பையிலேயே இருந்தது.

அண்ணாச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, மவனுக்கு இழுப்பு எப்படி இருக்கு?"

"பரவாயில்ல அண்ணாச்சி." பிறகு, "எனக்கு ஏதாவது தபால் வந்துதா?" என்றேன்.

"வரலியேம்மா" என்றார். உறையைப் பார்த்தபடியே சொன்னாரா, என்னைப் பார்த்தபடி சொன்னாரா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். சர்க்குலரைச் சொன்னாரா, வேறு எதையாவது சொன்னாரா? அவருக்கு எழுத்துப் படிக்கத் தெரியும் என்பதைத் தவிர எனக்கு எதுவும் உறுதியாகத் தெரியாது.

நான் பேனாவை எடுக்கவில்லை. அன்றும் எடுக்கவில்லை, மறுநாளும் எடுக்கவில்லை. அதன்மேல் வேறு உறைகள் விழுந்து அது கூடையின் அடிக்குப் போகும்வரை, தினமும் பார்த்துவிட்டு மாடியேறினேன். எல்லோர் முன்னாலும் உண்மை பேசிய அதே வாய்தான். ஒரு மாதம்கூட ஆகவில்லை.

யாராவது கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று மார்ச் முழுவதும் காத்திருந்தேன். ஃபோன் அடித்தால் நானே முந்திக்கொண்டு எடுப்பேன். யாரும் கேட்கவில்லை. ஏன் என்பது ஓய்வு பெறும் சமயத்தில் என் பணிப்பதிவேட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நிர்வாகப் பிரிவின் பதிவேட்டில் 'உத்தரவு அனுப்பப்பட்டது: ஆம்'. உத்தரவின் நகல் குவாஹாட்டிக்கும் போயிருக்கிறது. அவர்கள் தங்கள் படிவத்தில் 'பெறப்பட்டது: ஆம்' என்று போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். காகிதம் வந்ததைச் சொன்னார்கள், ஆள் வந்ததாக டெல்லியில் எடுத்துக்கொண்டார்கள். ஆள் வந்தாரா என்பதற்குக் கட்டம் இல்லை. இரண்டு முனையிலும் பச்சை விளக்கு. ஆகவே, ஜனக்புரியில் மகனுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருந்த அந்த இரண்டு வருஷமும் நான் குவாஹாட்டியில் பணிபுரிந்திருக்கிறேன். முடிந்ததும் டெல்லிக்குத் திரும்ப மாற்றலும் வந்திருக்கிறது. குவாஹாட்டி அலுவலகம் என் சேவையைப் பாராட்டி எழுதிய ஒரு கடிதமும் கோப்பில் இருக்கிறது. சுமுகமாகப் பழகுபவர் என்று எழுதியிருக்கிறார்கள்.

கார்த்திக்குக்கு இப்போது இழுப்பு இல்லை. குர்கானில் உங்களைப் போலவே நெட்வொர்க் வேலை பார்க்கிறான். தமிழ் படிக்க வராது என்பதால் இதை அவன் படிக்க மாட்டான். ஃபோனில் "நல்லா இருக்கேம்மா" என்பான். எனக்கு அது போதாது. காலையில் என்ன சாப்பிட்டே, யாரோட சாப்பிட்டே, மீதி என்ன இருந்துது என்று கேட்பேன். சலித்துக்கொள்வான். சலித்துக்கொள்ளட்டும். ஏதோ ஒன்று போய்த் திரும்பி வருகிறதே.

இதிலிருந்து நீங்கள் என்ன கற்க வேண்டும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பச்சை விளக்கை நம்பாதீர்கள் என்பேன். ஆனால் பச்சை விளக்கை நம்பும் ஒரு நிறுவனத்தால்தான் என் மகன் அடுத்த இரண்டு குளிர்காலங்களைத் தாண்டினான். உண்மையைச் சொல்லுங்கள் என்பேன். ஆனால் என் பையில் ஒரு சிவப்புப் பேனா இருந்தது.

உங்களில் யாருக்காவது குவாஹாட்டிக்கு மாற்றல் வந்தால், தட்டாமல் போங்கள். அங்கே ஏதாவது ஒரு மேஜையில் என் பெயர்ப் பலகை இன்னும் இருக்கிறதா, அதற்கு முன்னால் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்து எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அலுவலக விலாசத்துக்கே எழுதலாம், வாங்கி வைப்பார்கள். உறையின் இடது மூலையில் சிவப்பு மையில் பிரிவின் பெயரைப் போடுவதா வேண்டாமா என்பதை மட்டும், அங்கே பார்த்ததை வைத்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.